காற்றுக்கு அசையாத படகு

மேட்டூர் அணைத் தண்ணீருக்கு இந்தக் கரையில் பண்ணவாடி, அந்தக் கரையில் நாகமரை. இந்தக் கரையில் சென்னிமலை தனியாக இருந்தார். அந்தக் கரையில் அவருடைய ஒரே மகள் சௌந்திரம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வெயில் நன்றாக அடித்தால் அவள் வீட்டு ஓடுகூடத் தெரியும். பஸ்ஸில் போவதென்றால் மேட்டூர், மேச்சேரி, பென்னாகரம் என்று சுற்றிச் சுற்றி அரை நாள் போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற மகளைப் பார்க்க அரை நாள் குலுங்கிக்கொண்டு போவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு உண்டா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டிப் பேரெடுத்த மனிதர் அவர். மனைவி பாவாயி போய்ச் சேர்ந்ததும் பட்டறையைத் தம்பி மக்களிடம் விட்டுவிட்டு, மகளுக்குக் கொஞ்சம் பக்கத்திலாவது இருப்போம் என்று பண்ணவாடியில் ஒரு தோட்டம் வாங்கி வந்தார். நாகமரையிலேயே வாங்கியிருக்கலாம். மருமகன் ஊரில் போய் உட்கார்ந்துகொண்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா?

அவர் வகையறாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பெண் கொடுத்த வீட்டில் தகப்பன் ராத் தங்கக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த மூன்று நாளும் கிடையாது. யார் வைத்த சட்டமோ, வைத்தவனுக்கு மகள் இருந்திருக்க மாட்டாள்.

ஆகவே துறையில் பரிசல் விடுகிற கந்தனோடு காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். நடுப்பகலுக்கு மேல் அணையில் காற்று கிளம்பும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தார் பூசிய மூங்கில் கூடை எம்மாத்திரம்? கந்தன் துடுப்பைப் போட்டுவிட்டு, "காத்து அடங்கட்டுமுங்க" என்று மரத்தடியில் படுத்துவிடுவான். சென்னிமலை மகள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காற்றை வைதுகொண்டிருப்பார். சௌந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தபடி எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அவருக்குக் காது பாதி அவள் பேச்சில், பாதி காற்றில்.

ஒரு நாள் பொழுது சாய்ந்தும் காற்று அடங்கவில்லை. சம்பந்தியம்மாள் காளியாத்தாள் விளக்கை ஏற்றினாள்.

"ஏனுங்க சம்மந்தி, ஒரு ராத்திரிக்கு ஒன்னும் ஆயிராது. உள்ள வந்து படுங்க."

"இல்லீங்க, வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, மனிதர் போய்ப் பரிசல் துறையில் ஈர மணலில் துண்டை விரித்துப் படுத்தார். விடிந்ததும் வீடு வந்து சேர்ந்தார், கூடவே காய்ச்சலும் வந்து சேர்ந்தது. ஒரு வாய் கஞ்சி வைத்துத் தர ஆளில்லாத வீட்டில் படுத்துக்கொண்டு, அவர் முடிவு செய்தார். எந்தக் காற்றுக்கும் நிற்காமல், வேகமாகவும் ஆடாமலும் போகிற மோட்டார் படகு ஒன்று வாங்கியே தீர வேண்டும்.

அணையில் படகு விட அனுமதி கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு, கொச்சியிலிருந்து ஃபைபர் படகு விற்கிற ஒருவர் இரண்டு படகுகளை லாரியில் ஏற்றி வந்து துறையில் இறக்கினார். ஒன்று தட்டை அடி. ஏறி நின்றால் தரையில் நிற்கிற மாதிரி இருந்தது. மற்றதன் அடிவயிறு கலப்பைக் கொழு மாதிரி கூர். காலை வைத்ததும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஆடியது.

"நிக்கறப்பவே இந்த ஆட்டம் ஆடுது. ஓடறப்ப இது எங்கீங்க நிக்கும்?" என்றார் சென்னிமலை.

கொச்சிக்காரர் சிரித்தார். "நீங்க லாரியை நிறுத்தி வெச்சுப் பார்த்தா வாங்குவீங்க? ரெண்டையும் ஓட்டிப் பாருங்க."

சென்னிமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டை லாரிக்குப் பாடி கட்டி முடித்ததும் அவர் வைக்கிற பரீட்சை நாமக்கல் பூராவும் தெரியும். தட்டு நிறைய முட்டையை உள்ளே அடுக்கி, இருப்பதிலேயே மோசமான ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டி, எத்தனை உடைந்தது என்று பார்ப்பார். அதையே தண்ணீரிலும் செய்தார். காற்று நன்றாகக் கிளம்பும் வரை காத்திருந்து, முதலில் தட்டை அடிப் படகில் முட்டையை வைத்து ஓட்டினார். கரையோரம் சமர்த்தாகத்தான் போனது. நடுத்தண்ணீரில் வேகம் கூட்டியதும் ஒவ்வொரு அலையும் அடியில் ஓங்கி அறைந்தது. திருப்பினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வேறு எங்கோ போயிற்று. கரைக்கு வந்து பார்த்தால், ஆம்லெட்டுக்கு வெங்காயம்தான் பாக்கி.

அடுத்து கூர் வயிற்றுப் படகு. வேகம் ஏற ஏற அதன் ஆட்டம் அடங்கியது. மூக்கு அலையை இரண்டாக வகுந்துகொண்டு போனது. ஒடித்துத் திருப்பினால் உள்பக்கமாகச் சாய்ந்து கொடுத்து, போட்ட கோட்டிலேயே திரும்பியது. தட்டில் உடைந்தது ஒரே ஒரு முட்டை. சென்னிமலை படகின் விலாவைத் தட்டிக் கொடுத்தார்.

"இது ஓடறப்பத்தான் நிக்குது" என்றார். அதையே வாங்கினார்.

முதல் நாள் நாகமரைத் துறையே கூடி வேடிக்கை பார்த்தது. பரிசலில் ஒரு மணி நேரம் இழுக்கிற தண்ணீரை வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் தாண்டியிருந்தார். மருமகன் நாச்சிமுத்து படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். சாப்பாடு ஆனது. மத்தியானம் காற்று கிளம்பியது. சென்னிமலை வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்தார்.

"உங்களுக்கென்னங்க சம்மந்தி, இனிக் காத்தாவது மழையாவது" என்றாள் காளியாத்தாள். வேறொன்றும் நினைத்து அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் உட்கார அவருக்கு ஒரு காரணமும் இல்லை. எழுந்துவிட்டார்.

அதன் பிறகு அப்படியேதான் நடந்தது. போவார், காபி குடிப்பார். சௌந்திரம் கைவேலையை முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவதற்குள் யாராவது, "பொழுதோட கிளம்பறீங்களா?" என்பார்கள். பட்டப்பகலில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்து, யாருமில்லாத கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பரிசல் காலத்தில் மகளோடு இருந்த நேரத்தை அவருக்குக் கொடுத்தது அந்தக் காற்றுதான். அதைப் போய்ப் பாவி மனிதர் வாய் ஓயாமல் வைதாரே! அவருக்கு அது புரிந்த அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு நாள் போனபோது சௌந்திரத்தின் முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டால், "ஒன்னுமில்லீங்கப்பா" என்றாள். ஒன்றுமில்லை என்று மகள் சொன்னால் என்னவோ இருக்கிறது என்று பெற்றவனுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் இருந்தால் தானாகச் சொல்லுவாள். அதற்குள் காபி டம்ளர் காலியாகிவிட்டது. நாச்சிமுத்து படகு வரை வழியனுப்ப எழுந்து நின்றான்.

"இல்லீங்க மாப்ள" என்றார் சென்னிமலை. "எஞ்சின் மக்கர் பண்ணுதுங்க. இப்பக் கிளம்பாது. காத்து அடங்கினதும் கந்தன் பரிசல்ல போயிக்கறேன்."

தான் தொட்ட வண்டியை ஒரு குறை சொல்ல விடாத மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வண்டிமேல் பழி போட்டார்.

சௌந்திரத்தின் முகம் அந்த நிமிஷமே மாறிவிட்டது. "அப்பிடின்னா இருங்கப்பா, கத்திரிக்கா கொளம்பு வெக்கறேன். உங்ககிட்டப் பேசோணும்" என்று அரிவாள்மணையை எடுத்து அவர் காலடியிலேயே போட்டு உட்கார்ந்தாள். முதல் காயை அரிந்தாள். சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டாவது காயையும் அரிந்தாள். சென்னிமலை மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

நாச்சிமுத்து நல்ல பையன். கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன். மாமனார் பரிசலுக்காகக் காத்துக் கிடப்பதா என்று நினைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் துறைக்கு ஓடியிருந்தான். பொய் சொல்லிப் பழகியவராக இருந்தால் சென்னிமலை ஒரு வயரையாவது உருவிவிட்டு வந்திருப்பார். துறைப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கிளம்பி ஊரெல்லாம் கேட்டது.

"மாமா! ஒரே இழுப்புல எடுத்திருச்சுங்க!" நாச்சிமுத்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். வேர்வையும் சிரிப்புமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

சௌந்திரம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். தன் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காளியாத்தாள் உள்ளிருந்து, "நல்லதாப் போச்சு, வெளிச்சத்துலயே போயிரலாம்" என்றாள். சௌந்திரம் தலையைக் குனிந்து மூன்றாவது காயை எடுத்தாள்.

"இன்னொரு நாளைக்கு வாரேன் சாமி" என்றார் சென்னிமலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நடுத்தண்ணீரில் காற்று பேய் பிடித்த மாதிரி அடித்தது. அலை ஆளுயரம் எழும்பியது. ஒரு பரிசலும் தண்ணீரில் இல்லை. சென்னிமலை கொஞ்ச நேரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். ஒற்றைக் கையில் சுக்கானைப் பிடித்திருந்தும், அந்தப் பாழாய்ப்போன படகு ஒரு தரம்கூட ஆடவில்லை.