அடுப்பு மேல வச்ச டப்பா

லேப்ல கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்த லேடி பேப்பரை என் பக்கம் தள்ளி, ஒரு வரியில விரல் வச்சுக் காட்டுனாங்க. என் விந்தணுல ஒண்ணு கூட உயிரோட இல்லையாம். கரண்ட் பில் கட்டுற இடத்துல பேசுற குரல்லயே சொன்னாங்க. எதுக்கும் மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கன்னாங்க. என் மனைவி அந்தப் பேப்பரை நாலா மடிச்சுப் பையில வச்சா. என் முகத்தைப் பார்க்கல.

நாலு வருஷமா டெஸ்ட் எல்லாம் அவளுக்குத்தான். ஸ்கேன், மாத்திரை, வயித்துல ஊசி. டாக்டர் என்னையும் பார்க்கணும்னப்பல்லாம் லீவு கிடைக்கலன்னு சொல்லிடுவேன். நான் லீவு கேட்டதே இல்ல. ஊர்லேருந்து அம்மா போன் பண்ணா முதல் கேள்வியே அவளுக்கு என்னவாம்ங்கிறதுதான். பாக்குறோம்மான்னு மழுப்புவேன். அவ பக்கத்துலயே துணி மடிச்சுட்டு இருப்பா.

பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்பதான் எனக்கு உறைச்சுது. நான் பேக்கரில ரொட்டி சுடுற ஆளு. அங்க எனக்குப் பேரே 'அடுப்பு'தான். சாம்பிள் எடுத்த டப்பாவை ஒரு மணி நேரத்துக்குள்ள, சூடு ஆறாம கொண்டு வரணும்னு லேப்ல சொல்லியிருந்தாங்க. வீடு தூரம். அதனால பேக்கரி பாத்ரூம்லயே எடுத்தேன். வெளிய வந்தா தட்டு கருகுதுன்னு மேஸ்திரி கத்துறாரு. டப்பாவைத் துணில சுத்தி அடுப்பு மேல வச்சுட்டு ஓடுனேன். மாவு பொங்குறதுக்கு வைக்கிற இடம் அது. செத்தது மாதிரி கிடக்கிற மாவு அங்க வச்சா அரை மணில எழுந்து நிக்கும். இதுக்கும் நல்லதுன்னுதான் நினைச்சேன். திரும்ப எடுத்தப்ப டப்பா கையைச் சுட்டுது.

அவகிட்ட சொன்னேன். எவ்வளவு நேரம் வச்சீங்கன்னு கேட்டா. ரெண்டு தட்டு வேகுற நேரம்னேன். சிரிச்சா. சிரிச்சுட்டே இருந்தவ சட்டுனு நிறுத்திட்டா.

"நாலு வருஷமா என் வயித்தைக் குத்திட்டு இருந்தாங்க. நீங்க ஒரு டப்பாவை ஒழுங்கா புடிக்கல."

மூணு வாரமும் எனக்குச் சோறு இறங்கல. தினம் நிக்கிற அடுப்புச் சூடே என் உடம்புக்கு ஆகாதோன்னு வேற பயம் வந்துடுச்சு. என்னை பேக்கிங் பக்கம் மாத்துங்கன்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன். "அடுப்பே அடுப்புக்குப் பயந்தா எப்படிடா"ன்னு சிரிச்சாரு. காரணம் கேட்டாரு, இடுப்பு வலின்னு சொன்னேன். போன தடவை வந்தது அடுப்பு பண்ணுன வேலையா இருக்கலாம். இந்தத் தடவையும் அதே பதில் வந்தா?

இன்னிக்குக் காலைல அவ பேக்கரி வாசலுக்கே வந்துட்டா. டப்பாவை நீட்டுனேன். வாங்கி ஸ்வெட்டருக்குள்ள விட்டு, அக்குள்ல இடுக்கிக்கிட்டா. லேப் பத்து நிமிஷ நடை. பாதி வழியில அம்மா போன். அப்புறம் பேசிக்கலாம்னு உள்ள வச்சேன்.

"எடுங்க"ன்னா.

அம்மா வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாங்க.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. டெஸ்ட் எனக்குத்தான். போன தடவையும் எனக்குத்தான்."

அந்தப் பக்கம் டிவி ஓடுறது மட்டும் கேட்டுச்சு. அம்மா ஏதாவது சொல்லுவாங்கன்னு போனைக் காதுலயே வச்சுட்டு நின்னுட்டேன். அவ நிக்கல. சிக்னல் விழுந்ததும் கூட்டத்தோட ரோட்டைத் தாண்டிப் போயிட்டு இருந்தா. எல்லாரும் ரெண்டு கையும் வீசி நடந்தாங்க. அவளுக்கு ஒரு கைதான் ஆடிச்சு. இன்னொரு கை உடம்போட ஒட்டி, ஆடாம போச்சு.