உடையப்பன் டிராக்டருக்கு நம்பர் இல்லை

கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து கணினிக்காரன் நஜீப் வந்து மூன்று வாரமாகிறது. எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் எடை மேடை சிஸ்டத்தைத் தலைமையகத்து சிஸ்டத்தோடு இணைத்துவிட்டான். இனி ஒன்றில் கைவைத்தால் மற்றதும் ஆடும். அதனால் எந்த மாற்றத்தையும் முதலில் அவனுடைய சிஸ்டத்தில் செய்து, டெஸ்ட் சிஸ்டத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே நான் சோதித்து ஓக்கே அழுத்திய பிறகுதான் உண்மையான எடை ஓடும் லைவ் சிஸ்டத்துக்குப் போகும். 'லைவில் யாரும் நேரடியாகக் கைவைக்கக் கூடாது' என்று அட்டையில் அச்சடித்து என் மேசைக்கு நேரே ஒட்டியும் வைத்தான். பதினெட்டு வருடமாக இங்கே எடைக் கணக்கு எழுதும் கிராணி நான். எனக்குப் புத்தி சொல்ல ஓர் அட்டை. கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கடைசி மாற்றம். அன்று மாலை ஐந்து மணிக்கு சுங்கை பெசாரில் அவனுக்கும் ஜஸ்மினுக்கும் நிச்சயம். வேலையைக் காரணம் காட்டி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டவன். இந்த முறையும் சொதப்பினால் பெண்ணின் வாப்பா பேச்சையே முடித்துவிடுவார் என்று காலையிலிருந்து ஆலை முழுக்கப் புலம்பியாகிவிட்டது. நிச்சயத்துக்கு வாங்கிய புது பாத்தேக் சட்டை காரில் தொங்கியது.

இரண்டு மணிக்கு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"தனேஸ்வரி அக்கா, ஓக்கே மட்டும் அமுக்குங்க லா. எல்லாம் நானே பாத்துட்டேன்."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சோதித்தேன். பத்து லோரி எண்களை சிஸ்டம் சமர்த்தாக வாங்கிக்கொண்டது. பதினொன்றாவதாகத் தோட்டத்து டிரைவர் உடையப்பனின் டிராக்டரைப் போட்டேன். தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டி, நம்பர் பலகை கிடையாது. சிஸ்டம் சிவப்பு எழுத்தில் முரண்டு பிடித்தது. தினமும் முதல் பழக்குலைகளைக் கொண்டுவருவதே அந்த டிராக்டர்தான்.

நஜீபுக்கு வியர்த்தது. நம்பர் இல்லாத வண்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுடைய படிப்பில் வரவில்லை போலும். லைவிலேயே ஒரு வரியைத் திருத்திவிட்டுக் கிளம்புவதாகக் கெஞ்சினான். அப்படித் திருத்தினால் அடுத்த மாற்றம் வந்து அதை அழித்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். நான் அட்டையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

மறுபடி முதலிலிருந்து. ஒரு வழியாக டிராக்டர் சிஸ்டத்தில் ஏறி, நான் ஓக்கே அழுத்தியபோது மணி நாலே முக்கால். சுங்கை பெசாருக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகத்தான் முறுக்கிக்கொண்டேனோ என்றிருந்தது.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு, ஜஸ்மினிடம் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். அவள் சிரித்தாள்.

"மெதுவா வாங்க. நிச்சயம் ஏழு மணிக்குத்தான். உங்களுக்கு மட்டும் அஞ்சுன்னு சொல்லி வச்சேன். ரெண்டு தடவ பாத்தாச்சு, சும்மா நம்பிட முடியுமா?"

பார்க்காமலே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. காருக்கு ஓடியவனைக் கூப்பிட்டு, அட்டையைப் பிய்த்துக் கையில் கொடுத்தேன்.

"எனக்கு இது வேணாம் தம்பி. வீட்டுல மாட்டிக்குங்க. இனி அங்க ஓக்கே அமுக்கறது ஜஸ்மின்தான்."