வெயிலில் வைத்த மருந்து

இரவு வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததுமே அழுகிய பழ வாடை. வீட்டில் பழம் எதுவும் இல்லை. கட்டிலில் படுத்திருந்த அக்கா மகளின் வாயிலிருந்துதான் அந்த வாடை வந்தது. ஒன்பது வயது. சர்க்கரை வியாதிக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டிய பிள்ளை. படுத்த இடத்திலேயே, ஓடி வந்தவள்போல இரைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பருந்து இப்படி?"

"ராத்திரிலருந்து வாந்திடா. கழிவு வெளியேறுதாம். வைத்தியர் சொன்னாரு."

வைத்தியர் என்பவர் அத்தானின் கைப்பேசிக்குள் இருப்பவர். நேரில் பார்த்தவர் யாருமில்லை. சர்க்கரை வியாதியே மருந்துக்காரன் கட்டிய கதை என்று தினமும் பேசுவார். கேட்பதற்கு ஊர்ப்பட்ட கூட்டம்.

பிள்ளையின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியில் ரத்தத்தை வைத்தேன். எண் வரவில்லை. அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது.

"இன்சுலின் போட்டியா, இல்லையா?"

"நேத்தோட நிறுத்தியாச்சு. ஒரு வாரமா என் கையால போட்டேன். ஒரு வேளை தவறல. இறங்கவே இல்லடா, ஏறிக்கிட்டேதான் போச்சு. அது வெறும் ஏமாத்துன்னு அவர் சொன்னது சரியாத்தானே இருக்கு?"

அக்காவுக்குப் பொய் வராது. ஊசி போட்டும் ஏறியதென்றால் மருந்தில்தான் ஏதோ கோளாறு. ஃபிரிட்ஜைத் திறந்தேன். மருந்துக் குப்பி இல்லை.

"மொட்டை மாடில இருக்கு," என்றார் அத்தான். "வெயில்ல வெச்சு நஞ்சை முறிச்சுத்தான் போடணும். நான் என்ன பெத்த பிள்ளையைக் கொல்லுறவனா? ஊசியே வேணாம்னு முதல்லயே சொன்னேனா? சுத்தம் பண்ணிப் போடுன்னுதானே சொன்னேன்."

நான் மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி முழுக்க வெப்பமானியை முறைத்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் போய் உள்ளே சூடேறினால், சரக்கை அடுக்கோடு தூக்கி எறிவோம். இங்கே ஒரு வாரம் உச்சி வெயில்.

"அக்கா, நீ போட்டது மருந்தே இல்ல. அவிச்ச முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா? இன்சுலினும் அப்படித்தான். சூடு பட்டா செத்துடும். மருந்து தோத்துப் போகல. அவளுக்கு மருந்து போய்ச் சேரவே இல்ல."

அத்தான் சிரித்தார். "காலேஜைப் பாதியில விட்டவன் வாத்தியார் ஆயிட்டான். பிரமாதம் மாப்ள."

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "நீங்க கம்பியைச் சோதிக்காம லிஃப்ட்ல ஆளை ஏத்துவீங்களா அத்தான்? தாங்கும்னு எவனோ போன்ல சொன்னா போதுமா?"

"லிஃப்டை நாம செஞ்சோம். உடம்பை நாமளா செஞ்சோம்?"

அவரிடம் எல்லாவற்றுக்கும் விடை தயாராக இருந்தது. வாந்தி எடுத்தால் கழிவு போகிறது. எடுக்காவிட்டால் உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. மூச்சு இரைத்தால் நுரையீரல் கழுவப்படுகிறது. என்ன நடந்தாலும் வைத்தியர் சொன்னது பலித்துவிடும். நான் முட்டையையும் கம்பியையும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளைக்குக் கண் செருகத் தொடங்கியிருந்தது.

"பொடிசு, மாமாவைப் பாரு."

"தண்ணி," என்றாள். அடுத்த சொல் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம்க்கா. இப்பவே."

அத்தான் வாசலை மறித்தார். "போனா பொழைப்பாளான்னு அவனைக் கேளு. உறுதி குடுப்பானா? வைத்தியர் குடுத்தாரு. எழுந்து ஓடுவாள்னு வாக்கு குடுத்தாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். "சொல்லுடா. பொழைப்பாளா?"

தெரியாது. அதுதான் உண்மை. வாய்ப்பு இருக்கிறது, தாமதம் ஆக ஆகக் குறையும், ரத்தம் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும். விவரம் தெரிந்தவன் அப்படித்தான் பேசுவான். அப்படிப் பேசினால் அக்கா அசையமாட்டாள்.

"சத்தியமா பொழைப்பா," என்றேன். "எழுதி வெச்சுக்கோ."

அக்கா பிள்ளையை அள்ளித் தோளில் போட்டாள். "வழிய விடுங்க." அத்தானிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவர் விலகிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ரொம்ப லேட்டு. இப்ப எதுவும் சொல்ல முடியாது. பார்க்கிறோம்." கதவு மூடிக்கொண்டது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். "சத்தியம்னியே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அந்தாளுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் அடிச்சுச் சொன்னீங்க."

நடையின் கோடியில் அத்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்கய்யா, அந்த ஊசியோட வேலைதான். இங்க வேற திரும்பவும் ஏத்துறாங்க." பிள்ளை செத்தால் ஊசி கொன்றது, பிழைத்தால் வைத்தியர் காப்பாற்றினார். இரண்டுக்கும் கதை கட்டிவைத்துவிட்டார்கள். எனக்கு அவரை அடிக்கக்கூடத் தெம்பில்லை.

அக்கா எழுந்துபோய்க் கதவைத் தட்டினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பார்க்கப் பார்க்க என்கிட்ட சொல்லுங்க. கூடினாலும் குறைஞ்சாலும் உள்ளதைச் சொல்லுங்க. ஆறுதல் வேணாம்."

நர்ஸ் திரும்பி உள்ளே பார்த்தாள். "இன்னும் இறங்கலம்மா."

அக்கா தலையாட்டினாள். பெஞ்சுக்கு வரவில்லை. கதவை ஒட்டியே நின்றாள்.