பாலத்துக்கு அந்தப் பக்கம்

பாலம் முடிய இன்னும் கொஞ்சம்தான், நகத்தளவு சிவப்புப் பேருந்து, கீழே தாமிரபரணி நீலக் கோடுகளாக நெளிகிறது, என் விரல் வலது அம்புக்குறியில் அழுந்தியிருக்கிறது, பக்கத்தில் ஜெபக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இதோ கரை வந்துவிட்டது என்று நினைக்கும்போதே, பாலம் இருக்கும் இடத்தில் பாலமே இல்லாததுபோலப் பேருந்து தண்ணீரில் விழுகிறது, நூறாவது தடவை. அது இரண்டாயிரத்து இரண்டு, பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் பாடம் எடுத்த கம்ப்யூட்டர் சென்டர், மத்தியானம் மாணவர்கள் போனபின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் நாங்களே செய்த விளையாட்டு, படமெல்லாம் அவள், கணக்கெல்லாம் நான், ஒன் கணக்குலதான்ட்டி தப்பு என்கிறாள் அவள், நீ பாலத்தக் கோணலா வரைஞ்சிருக்கே என்கிறேன் நான், அந்தக் கோபத்தில் நிரலுக்குள்ளேயே, கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் குறிப்பு வரியாக, பாலம் ஜெபா வரைந்தது, விழுந்தால் அவளைக் கேளுங்கள் என்று எழுதிவைத்தேன், அதை அவள் படித்தாள், மறுநாள் வரவில்லை, அதற்கப்புறம் வரவே இல்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்து வீடு மாறும்போது சான்றிதழ்ப் பைக்குள் அந்த சிடி கிடைத்தது, நிரல் அப்படியே இருந்தது, ஆனால் விளையாட்டு எந்தப் புதுக் கணினியிலும் ஓடவில்லை, பழைய விளையாட்டுகளைக் காப்பாற்றும் ஒரு குழுவுக்கு எழுதினேன், மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள், யாராவது உயிர் கொடுப்பார்கள், ஆனால் செய்த இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் துணை முதல்வராகிவிட்ட ஜெபக்கனியின் எண்ணைத் தேடிப்பிடித்து, மூன்று முறை அழுத்தி மூன்று முறை துண்டித்து, நான்காவது முறை அவள் குரல் வந்ததும் என் பெயரைச் சொல்லக்கூட மறந்து, ஜெபா, அந்த பஸ்ஸு என்றேன், இன்னும் தண்ணிக்குள்ளதான் கெடக்கா என்றாள். சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனை, நீ என்னயத் திட்டி எழுதுன வரிய மட்டும் எடுக்கக்கூடாது, ஊரு உலகம் படிக்கட்டும்.

எடுக்காமலே இணையத்தில் ஏற்றினேன், நான்காம் நாள் மட்டக்களப்பிலிருந்து கிருஷாந்தி என்ற பள்ளி ஆசிரியையின் மின்னஞ்சல், அக்கா, உங்கட பஸ் இப்ப ஓடுது, பாலத்திட நீளம் 640, ஒரு இடத்தில மட்டும் 604 எண்டு எழுதியிருக்கிறீங்க, படத்தில ஒரு பிழையும் இல்ல. தேடிப் பார்க்கிறேன், நான் ஜெபாவைத் திட்டிய வரிக்கு நேர் கீழே, என் கையால் அடித்த 604, உடனே அவளை வீடியோவில் அழைக்கிறேன், ஜெபா, தப்பு எம்மேலதான்ட்டி. கல்லூரி அறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள், நானும் ஒண்ணு சொல்லட்டா, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கரைய நான் வரையவே இல்லட்டி, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுனேன், பஸ்ஸு விழ விழ எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

அப்படியென்றால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, போனைத் திரைக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, கிருஷாந்தி திருத்தி அனுப்பியதை ஓட்டுகிறேன், பேருந்து போகிறது, ஆறு முடிகிறது, விழவில்லை, ஜெபக்கனி கத்துகிறாள், அகலமான ஒரு நீர்ப்பரப்பு விரிகிறது, தோணிகள், தூரத்தில் கலங்கரை விளக்கம், மட்டக்களப்பு என்று பலகை, அதன் கீழே கிருஷாந்தியின் குறிப்பு, அங்கால வெறுமையா இருந்திச்சு, அதால எங்கட ஊர வச்சிட்டன், பிடிக்காட்டி அழிச்சிருங்க. அழிப்பதாவது, நாங்கள் பார்த்தேயிராத ஊரில் எங்கள் சிவப்புப் பேருந்து நிற்கிறது, நிறுத்தத்தில் குடை பிடித்த ஒருத்தி கை காட்டுகிறாள், ஏட்டி, ஆளு நிக்காவ, கதவத் தொற என்று ஜெபக்கனி பதறுகிறாள், நாங்கள் கதவே எழுதவில்லையே, இதையும் கிருஷாந்திதான் சேர்த்திருக்க வேண்டும், எத அழுத்தணும்னு தெரியலயே என்கிறேன், எல்லாத்தயும் அழுத்து என்கிறாள் துணை முதல்வர்.