அப்பாவின் கல்லீரல் வாங்கிய ராட்டினங்கள்

“எங்க அப்பாவோட கல்லீரல் ஒரே வாரத்துல மூணு குதிரை ராட்டினம் வாங்குச்சு.”

டெல்ஃபினா இதைச் சொல்லாத வீடு பெர்காமினோ ஊரில் கிடையாது. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுத்து ஓய்வு பெற்றவள். பாதி ஊருக்குச் சீட்டோடு சேர்த்து இந்தக் கதையையும் கொடுத்திருந்தாள். முதலில் ஒரு ராட்டினமாக இருந்தது வருஷத்துக்கு வருஷம் குட்டி போட்டது. இப்போது மூன்று ராட்டினம், ஒரு பேண்டு வாத்தியக் குழு, சமயத்தில் ஒரு ஒட்டகம். ஊர் சிரித்தது. நம்புவதா வேண்டாமா என்று யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னவள் ஒருத்திதான்: அவள் அக்கா க்ளேலியா.

“உனக்கு அப்போ அஞ்சு வயசு. காய்ச்சல்ல கனா கண்டே” என்பாள். “அப்பாவுக்குக் கல்லீரல் கோளாறு. அவ்வளவுதான்.”

அந்த ஊரில் அது போதும். தலைவலித்தால் கல்லீரல், மாமியார் வந்தால் கல்லீரல், காதல் முறிந்தால் கல்லீரல். போல்டோ இலைக் கஷாயம் போட்டுக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை.

இப்போது டெல்ஃபினா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் ஒரு கெட்டில் தண்ணீரை மடியில் வைத்தே கொதிக்க வைத்திருக்கலாம். பக்கத்தில் தம்பி அன்செல்மோ. வெயில் காலத்திலும் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வசந்தத்தில் தூக்கமே இல்லாமல் பாடியபடி ஊரிலுள்ள நாய்களுக்கெல்லாம் கழுத்துப்பட்டை வாங்கிக் கட்டியவன். இப்போது குளிப்பதற்குக்கூட எழுந்திருப்பதில்லை. கொடுத்த மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப் போயின. அந்தப் பக்கம் க்ளேலியா, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

டாக்டர் சபாலா இளம்பெண், சுற்றிவளைக்காமல் பேசினாள். “இந்த ஏறி இறங்குற மனநோய்க்கு மிச்சம் இருக்கிற மருந்து லித்தியம். சிலருக்கு அது அப்படியே கேட்கும், சிலருக்குத் துளியும் கேட்காது. யாருக்குக் கேட்கும்னு முன்கூட்டியே சொல்ல ரத்தத்துல, மரபணுவுல எல்லாம் தேடுறாங்க, உறுதியா இன்னும் ஒண்ணும் கிடைக்கல. கையில இருக்கிற நல்ல துப்பு குடும்பம்தான். அப்பா, அம்மாவுக்கு இதே நோய் வந்து லித்தியத்துல குணம் தெரிஞ்சிருந்தா, பிள்ளைக்கும் கேட்க வாய்ப்பு அதிகம். இவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம். அப்படி ஒரு துப்பு இருந்தா அடிக்கடி ரத்தம் பார்த்துக்கிட்டே துணிஞ்சு தருவேன். இல்லாம எனக்குத் தைரியம் வராது.”

“எங்க வம்சத்துல அந்த நோயே கிடையாது” என்றாள் க்ளேலியா. “இவன்தான் முதல்.”

“மூணு ராட்டினம் வாங்கினாரே அப்பா, அது என்ன?” என்றாள் டெல்ஃபினா.

“டாக்டர், இவ பேச்சைக் கேட்காதீங்க. ஒட்டகம்கூட வரும், கொஞ்சம் இருங்க.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் கூட்டிக் கூட்டிச் சொன்ன ஒட்டகம், இன்றைக்குத் தம்பியின் மருந்தை மிதித்துக்கொண்டு நிற்கிறது.

“ஒட்டகத்தைக் கதையிலேருந்து எடுத்துடறேன். பேண்டையும் எடுத்துடறேன்” என்றாள். “இப்போ நீ சொல்லுக்கா. அப்பா எதுக்கு அடிக்கடி தலைநகரத்துக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்?”

“கல்லீரலுக்கு.”

“எப்பப் பார்த்தாலும் வாளித் தண்ணி குடிச்சாரே?”

“கல்லீரல் சூடு.”

“சமையல்ல உப்பைக் குறைச்சிடாதேன்னு அந்தத் தலைநகரத்து டாக்டர் உனக்குச் சொல்லியனுப்பினாரே. எந்தக் கல்லீரல்காரனுக்குடி உப்பு போடச் சொல்வாங்க? மாத்திரையை நீதான கல்லீரல் மருந்துப் புட்டியில மாத்தி வெப்பே?”

டாக்டர் சிரிப்பை நிறுத்தினாள். ரத்தச் சோதனை, தீராத தாகம், குறையக் கூடாத உப்பு, மூன்றும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளவை. பேனாவைக் கீழே வைத்தாள்.

“என்னையே ‘டி’ போடுறியா” என்றாள் க்ளேலியா. “அந்த வீட்டுல பைத்தியம்னு பேரு வந்திருந்தா உன்னை எவன்டி கட்டியிருப்பான்?”

“கட்டினவன்தான் ரொசாரியோ பட்டணத்துக்கு ஓடிட்டானே. அவனுக்காகவா இவனைச் சாகடிக்கப் போறே? சோம்பேறி, தண்டம், அப்பா பேரைக் கெடுக்க வந்தவன்னு சாப்பிட உட்காரும்போதெல்லாம் நீ சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் இவன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே சொன்னியே. நான் கூட்டிச் சொன்னேன், ஒத்துக்கறேன். நீ உண்மையை முழுசா விழுங்கினே.”

வராந்தாவில் காத்திருந்தவர்கள் மாத்தே டீயை உறிஞ்சுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அன்செல்மோ தலையை நிமிர்த்தாமலேயே பேசினான். அவன் வாயிலிருந்து பேச்சு வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“அப்பா கை நடுங்கும். மாத்தே கிண்ணத்தை நீட்டினா பாதி என் சட்டையில ஊத்தும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “அக்கா, அவருக்கும் இப்படித்தான் இருந்துச்சா? நான் மட்டும் இல்லையா?”

க்ளேலியா கைப்பையைத் திறந்தாள், உள்ளே எதுவும் தேடாமல் மூடினாள். டெல்ஃபினாவின் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் கோட்டில் பிசகிப் போட்டிருந்த மேல் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள்.

“மூணு இல்ல, டாக்டர்” என்றாள். “ஒண்ணு. தோட்டத்துல கொண்டுவந்து இறக்கினாங்க. ராத்திரியெல்லாம் அவரே தள்ளிச் சுத்தினார், யாருமே ஏறல. அப்புறம் குளிர்காலம் முழுக்கப் படுக்கையை விட்டு எழுந்திரிக்கல.” குரலைத் தாழ்த்தினாள், கல்லீரலுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “லித்தியம்தான் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் சாகறவரைக்கும் ஒரு கோழிகூட அவர் அளவுக்கு மீறி வாங்கல. இவ சொன்னது நிஜம். ராட்டினம் வாங்கினார்.”