பெட்டி மாறிய தோட்டா

தோட்டா துப்பாக்கிக்குள் போக மாட்டேன் என்றது. ஆர்டிஸ் தள்ளிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி போய் நின்றுகொண்டது; தாழ் மூடவே இல்லை. கீழே பள்ளத்தில் நான்கு மான்கள், இவள் ஒருத்தி இருப்பதே தெரியாத மாதிரி பனியைக் கிளறிப் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

மணி மூன்று. நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. இன்று இருட்டினால் மான் வேட்டைப் பருவம் முடிந்தது. இனி அடுத்த வருஷம்தான். அமெரிக்க மாநிலமான மாண்டானாவின் இந்த மூலையில், ஒரு மான் குளிர்பெட்டிக்குள் போனால்தான் அவர்கள் வீட்டில் பங்குனி வரை கறி. இப்போது அதில் இருந்தது ஒரு பை பட்டாணி. புருஷன் லைலுக்கு செப்டம்பரில் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். துப்பாக்கியைத் தோளில் வைத்தால் தையல் பிரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் துப்பாக்கியோ கழுதை மாதிரி உதைக்கும். அதனால்தான் இவள் தன் அப்பாவின் கால் அங்குலக் குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். டவுன் கடையில் "கால் அங்குலம், மானுக்கு" என்று மட்டும் கேட்டிருந்தாள். கால் அங்குலத்தில் எத்தனை பங்காளிகள்! முழுப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாமா? பள்ளிக்கூட பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளின் பெயரை மறக்காமல் கூப்பிடுகிற டிரைவரம்மா, ஒரு தோட்டாவின் பெயரைச் சொல்ல மறந்தாள்.

இதே துப்பாக்கி அந்த வட்டாரத்தில் இன்னொருவரிடம் மட்டும்தான் இருந்தது. டெல்மரிடம். கன்றுகளைத் தூக்கும் கயோட்டி நரிகளைச் சுட்டுத் தரும் கிழவர். ஆறு வருஷத்துக்கு முன் அந்தி மங்கலில், நரி என்று நினைத்து இவர்களுடைய நாய் பிப்பைச் சுட்டவர். அன்றைக்கே அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "நான்தான் சுட்டேன்" என்று வாசலில் நின்றார். லைல் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு பேச்சே இல்லை.

ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். ரோஷத்தைக் குளிர்பெட்டியில் வைத்துத் தின்ன முடியுமா?

டெல்மர் கதவைத் திறந்தார். அவள் தோட்டாப் பெட்டியை நீட்டினாள்.

"இது உள்ள போக மாட்டேங்குது. உங்ககிட்ட நம்ம துப்பாக்கிக்கு ஏத்த தோட்டா இருக்கா? மானுக்கு."

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எப்படிம்மா போகும்? அண்ணன் சட்டையைக் கொண்டுவந்து தம்பிக்கு மாட்டப் பாக்குறியே!"

"சிரிப்பெல்லாம் அப்புறம். இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா எல்லாமே நரிக்குப் போட்டது. குண்டு ரொம்ப லேசு. மான் தோள்ல பட்டா மேலாகவே சிதறிடும். அது காயத்தோட ஓடி எங்கேயாவது கிடந்து சாகும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்."

ஆர்டிஸ் விடவில்லை. "கனமான குண்டு இல்லையா?"

"என்கிட்ட இல்ல." அவர் பெட்டியை மறுபடி பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அட, மடையா! உன்கிட்டயே இருக்கேம்மா! உறைதான் நீளம். குண்டு ரெண்டுக்கும் ஒரே பருமன். உட்காரு."

சுத்தியல் மாதிரி இருந்த ஒன்றுக்குள் அவளுடைய தோட்டாவைச் செருகி மேசைமேல் இருந்த கட்டையில் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் குண்டு கழன்று விழுந்தது. கூட வந்த வெடிமருந்தைத் தனியே கொட்டினார்.

"ஏன், அந்த மருந்து ஆகாதா?"

"எவன் போட்டதோ, என்ன மருந்தோ! உன் முகம் உனக்கு வேண்டாமா?"

தன் மருந்தைத் தராசில் நிறுத்து, புனல் வழியாகத் தன் பித்தளை உறைக்குள் ஊற்றினார். அதன்மேல் அவள் குண்டை உட்கார வைத்து அழுத்தினார். அவசரம் அவளுக்குத்தான், அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிறுத்தார். மூன்று தோட்டா செய்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. முதல் தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டதும் தாழ் வெண்ணெய் மாதிரி மூடியது.

"கூட வாங்க. இழுக்க ஆள் வேணும்" என்றாள்.

"உங்க நிலத்துக்கா? லைல்..."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

நல்லவேளை, மான்கள் இன்னும் அங்கேயே இருந்தன. சூரியன் மேட்டில் தொட்டும் தொடாமலும் நின்றது. ஆர்டிஸ் படுத்தாள். ஓரமாக நின்ற கொழுத்த பெண் மானின் தோளுக்குப் பின்னால் குறி வைத்து, மூச்சை விட்டு, விசையை இழுத்தாள். மான் நாலு எட்டு வைத்தது, மடங்கி விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

ஓடிப் போய் அதன் கழுத்தில் கை வைத்தாள். "உனக்குப் புண்ணியமா போகட்டும் தாயே" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. லைலுக்குக் கஞ்சி, கறி, குழம்பு. பங்குனி வரை கவலையில்லை.

மூச்சு வாங்க டெல்மர் வந்து சேர்ந்தார்.

"ரொம்ப நன்றி டெல்மர். நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் வெறுங்கையோடதான் போயிருப்பேன். இந்த உதவியை உசிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

"எனக்கா நன்றி சொல்றே?" அவர் தொப்பியைக் கழற்றினார். "ஆறு வருஷம்மா. உங்க வீட்டுலேர்ந்து யாராவது வந்து ஏதாவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். ஒரு பிடி உப்பாவது. நான் குடுக்க ரெடி, வாங்கத்தான் ஆள் இல்ல. நீ வந்து கேட்டுட்டே. நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும்."

ஆர்டிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி சரி, முன்னங்காலைப் பிடிங்க. வீட்டுக்குள்ள வந்து, ஈரல் வறுவல் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். லைல் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பான். வச்சுக்கட்டும்."

டெல்மர் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து மானின் முன்னங்கால்களைப் பிடித்தார்.