சிவப்புத் திரை

கம்ப்யூட்டர் வகுப்பில் எல்லோரும் எரிமலைப் படம் தேடிக்கொண்டிருக்க, சின்னவள் மட்டும் 'மார்பு வீக்கம், காய்ச்சல்' என்று தட்டினாள். திரை சிவந்தது. 'ஆபாசச் சொல். பள்ளி விதிப்படி தடுக்கப்பட்டது.'

வீட்டில் அக்கா பச்சை உடம்புக்காரி. அம்மா இல்லாத வீடு. அத்தான் கப்பலில், நடுக்கடலில். முதலில் வலி என்றுதான் சொன்னாள் அக்கா. இப்போது ஒரு பக்கம் மார்பு கல்லாய் இறுகி, உடம்பு அனலாய்க் கொதித்தது. குளிரில் பல் கிட்ட, "அப்பாகிட்ட மூச்சு விடாதேடி, மானமே போயிடும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். வீட்டின் ஒரே போனும் லாரி ஓட்டும் அப்பாவின் சட்டைப்பையில்.

'பால் கட்டிக்கொண்டால்' என்று மாற்றித் தட்டினாள். பால் திரியாமல் காய்ச்சும் வழிகள் வந்தன. 'தாய்க்கு மார்பில்' என்றாள். மறுபடி சிவப்பு. அழுகை முட்டியது.

கம்ப்யூட்டர் சார் வந்து பார்த்தார். "என்னம்மா இது? நல்ல பொண்ணுன்னு நெனச்சேனே!"

சொல்ல வாயெடுத்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்ததில் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைமையாசிரியை எதுவும் கேட்கவில்லை. "உங்கப்பா வரட்டும். வெளிய நில்லு."

நின்றாள். இந்நேரம் அக்கா கண் திறந்திருப்பாளா? குழந்தை அழுதால் யார் தூக்குவது? ஓடிவிடலாமென்றால் வாசல் பூட்டியிருந்தது.

அப்பா கிரீஸ் கையோடு வந்தார். "உங்க பொண்ணு கண்டதையும் தேடியிருக்கா" என்றதும் அவர் கையை ஓங்கினார்.

"அடிங்கப்பா!" அலறிவிட்டாள். "ஆனா முதல்ல அக்காவப் பாருங்க. மார்புல பால் கட்டிக்கிச்சு, காய்ச்சல் கொதிக்குது. செத்துடுவாளோன்னு பயமா இருக்குப்பா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "இத என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே மிஸ்."

தலைமையாசிரியையின் காரிலேயே போனார்கள். அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. பக்கத்தில் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். "முன்னாடியே வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும். இப்ப ரத்தத்துல கலந்திருக்கு. பொழுது விடியட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

விடிந்தபின் அக்கா கண் திறந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும், உயிர் இருக்கிறதே என்று சின்னவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அதுவரை அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள்.